பக்கத்து சீட்டுக்கு யார் என்று கேட்ட கலீல் பாய்

கலீல் பாய் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் நான் செய்த முதல் காரியம், கலீல் பாய்க்கே போன் போட்டதுதான்.

சிரிக்க வேண்டாம். அவரை அறிந்தவர்கள் சிரிக்கவும் மாட்டீர்கள். உங்களில் பாதிப் பேர் அதையேதான் செய்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் தொழிற்சாலையின் வாட்ஸப் குழுவில் "கலீல் பாய் மவுத். அஸருக்கு அப்புறம் அடக்கம்" என்று ஒரே ஒரு வரி வந்தது. எங்களுக்கு இரண்டு கலீல் பாய். ஒருவர் பினிஷிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், பல மாதமாகப் படுத்த படுக்கை. இன்னொருவர் எங்கள் போக்குவரத்து மேலாளர். அன்று விடிகாலையில்கூட அதே குழுவில், மழை நாளில் டயரில் காற்றை ஏன் கம்மி பண்ணக் கூடாது என்று குரல் பதிவு போட்டவர். ஆகவே பெரியவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். யார் வீட்டுத் துக்கத்துக்கும் வேன் ஏற்பாடு செய்வது மேலாளர் கலீல் பாய் என்பதால், வேலூரில் இருந்து எத்தனை மணிக்கு வேன் என்று கேட்கத்தான் அவரை அழைத்தேன். எடுத்தது அவருடைய மைத்துனர். பாய் இல்லையா என்று கேட்டேன். 

"அதைத்தாங்க குரூப்ல போட்டிருக்கோம்" என்றார்.

அப்படியும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப வேன் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டேன். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ தெரியாது. போனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். அங்கே எதற்குப் போனேன் என்றும் தெரியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாய் பார்த்த வேலை, ஆம்பூரில் எங்கள் ஷூ தொழிற்சாலையின் வண்டிகளை மேய்ப்பது. அணைக்கட்டு என்ற ஊரின் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பெண்களை ஏற்றி வரும் பேருந்துகள், தோல் கொண்டு வரும் லாரிகள், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர்கள் எல்லாம் அவர் சொன்னால்தான் நகரும். நான் தரப் பரிசோதனைப் பிரிவு. தையல் கோணலாக இருந்தால் நான் கத்துவேன். அதனால் சரக்கு தாமதமானால் அவர் என்னிடம் வந்து கத்துவார். பல வருடம் இப்படிக் கத்திக் கத்தித்தான் நாங்கள் நண்பர்களானோம்.

ஆனால் ஊருக்கு அவர் வேறு. எங்கள் பக்கத்தில் கார் வாங்குகிறவன் நல்ல நாள் பார்க்கிறானோ இல்லையோ, கலீல் பாயைப் பார்ப்பான். அவருக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. வெள்ளைக் கார் வாங்கினால் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் வாடகைக்கு வருமா என்று கேட்பான். கறுப்பு வாங்கினால் மே மாதம் உள்ளே இட்லி வேகும். சிவப்பு வாங்கினால் நேற்று நீ எந்தத் தெருவில் நின்றாய் என்று ஊருக்கே தெரியும். அப்புறம் எந்தக் கலரைத்தான் வாங்குவது பாய் என்றால், பொண்டாட்டி சொல்கிற கலர், தப்பாகப் போனால் அவங்களைச் சொல்லிக்கொள்ளலாம் என்பார். கூரையில் கண்ணாடி வைத்த கார்கள் வந்தபோது அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "வேலூர் வெயிலுக்கு எவனாவது கூரையில ஓட்டை போடுவானா? அதுக்குக் காசு வேற ஜாஸ்தி வாங்கறான்" என்று கேன்டீனே கேட்கும்படிச் சொன்னார்.

இவ்வளவும் பேசியவரிடம் கார் இல்லை. பழைய ஸ்கூட்டர் ஒன்று. பின்னால் அவர் மனைவி. அவரை நாங்கள் பாபி என்போம். மழையோ வெயிலோ, கல்யாணமோ துக்கமோ, இருவரும் அதில்தான். ஏன் பாய் நீங்கள் வாங்கவில்லை என்று ஒரு முறை கேட்டேன். அவர் தெரு குறுகல், கார் உள்ளே வந்தால் ஆடெல்லாம் வெளியே போக வேண்டியிருக்கும் என்றார். அந்தத் தெருவை நானும் பார்த்திருக்கிறேன். நம்பினேன்.

யார் வந்து வண்டி வாங்கப் போகிறேன் என்றாலும் அவர் மைலேஜ் கேட்க மாட்டார். எவ்வளவு கையில் இருக்கிறது என்று கேட்க மாட்டார். யார் ஓட்டப் போகிறார்கள் என்றுகூடக் கேட்க மாட்டார். "பக்கத்துல யார் உக்காரப் போறாங்க?" என்று மட்டும் கேட்பார். பதிலைக் கேட்டு ஒரு நிமிடம் யோசித்து, இந்த வண்டி என்று சொல்லிவிடுவார். ஆளைக் கிண்டல் செய்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஷோரூமுக்கும் கூட வருவார். ஓட்டிப் பார்க்கச் சொன்னால் ஓட்ட மாட்டார். இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றச் சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார் என்று சிலர் சொல்வார்கள். ஷோரூம் பையன்கள் தூங்குகிற பாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்னொரு விசித்திரம், அவர் சட்டைப் பையில் எப்போதும் ஓர் எலுமிச்சம்பழம் இருக்கும். புது வண்டி எடுக்கிற எங்கள் ஆட்கள் சக்கரத்துக்கு அடியில் வைக்கப் பழம் கொண்டு வர மறந்துவிட்டால், பாய் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுப்பார். எந்த ஊரில் ஒரு பாய், அடுத்தவர் பூஜைக்கு எலுமிச்சம்பழம் சுமந்துகொண்டு திரிவார்? பெரிய மனசு என்று பேசிக்கொள்வோம். அவரும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று எழுத மாட்டேன். என் பிரிவில் வேலை செய்கிற செல்வியின் அண்ணன் வேலு, அணைக்கட்டில் தக்காளி போடுகிறவர், பழைய மினி லாரி ஒன்றை மலிவாகப் பார்த்தார். அது முன்பு பதப்படுத்தாத பச்சைத் தோல் ஏற்றிய வண்டி. கழுவி, சுண்ணாம்பு அடித்து, புது மாதிரி வைத்திருந்தார்கள். தொழிற்சாலை வாசலுக்கே ஓட்டி வந்துவிட்டார். பாய் வழக்கம்போல, பக்கத்தில் யார் என்றார். வேலு யோசித்துப் பார்த்து, தக்காளிதான் பாய் என்றார். தக்காளி பேசாது, எடுத்துக்கோ என்றார் பாய். இருந்தாலும் வாசம் இருக்கிறதா பார்த்துவிடலாம் என்று, பாய் ஏறி முகர்ந்தார். நான் ஏறி முகர்ந்தேன். தரப் பரிசோதனைப் பிரிவே ஏறி முகர்ந்தது. துளி வாசம் இல்லை என்று ஒரே குரலில் சொன்னோம்.

வேலு முதல் லோடை வேலூர் மார்க்கெட்டில் இறக்கியபோது, வியாபாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு கடை தள்ளிப் போய் நின்றார்களாம். தோல் வாசத்திலேயே வருடக் கணக்காகக் கிடந்த மூக்குகளை நம்பி ஒரு மனிதன் வண்டி வாங்கினால் வேறென்ன ஆகும்? செல்வி என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பாய்தான் ஓடி அலைந்து அந்த வண்டியைத் திரும்ப ஒரு தோல் வியாபாரிக்கே விற்றுக் கொடுத்தார். அவரும் ஏறி முகர்ந்து பார்த்து, கொஞ்சமும் வாசமில்லாத வண்டி என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

அவர் சொன்னதில் எனக்கு இன்னும் புரியாதது ஒன்று உண்டு. ஷூ மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஒரு நாள் சென்னைக்குப் போனோம். பள்ளிகொண்டா தாண்டி எங்களுக்கு முன்னால் ஒரு லாரி வலது பக்கத்து விளக்கைப் போட்டுக்கொண்டே போனது. வழி விடுகிறான், போகலாம் என்று எங்கள் டிரைவர் சேகர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கப் போனார். பாய் கையைக் காட்டி நிறுத்தினார். நீ முந்திக்கொள் என்றாலும் அந்த விளக்குத்தான், நான் திரும்பப் போகிறேன் என்றாலும் அதே விளக்குத்தான் என்றார். அப்போது எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று நான் பின்னால் இருந்து கேட்டேன்.

"அவன் இன்னா பண்ணப் போறான்னு அவனுக்கே தெரியற வரைக்கும் பின்னாடியே போம்மா" என்றார்.

அந்த லாரி வாலாஜா வரைக்கும் திரும்பவும் இல்லை, விளக்கை அணைக்கவும் இல்லை. நாங்களும் பின்னாலேயே போனோம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வேலூர் சத்துவாச்சாரியில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, எங்களுக்கும் ஒரு கார் வேண்டும் என்று ஆனது. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, தைரியம்தான் கம்மி. மேட்டில் நின்று கிளம்பும்போது கிளச்சை விட்டால் வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிடும். பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்தால் எனக்கு எந்தக் கால் எதற்கு என்பதே மறந்துவிடும். என் கணவர் முரளி, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நன்றாக ஓட்டுவார். எனவே கியர் வண்டி வந்தால் அது அவர் வண்டி. நான் ஆயுசுக்கும் பக்கத்தில் உட்கார வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக் வந்தால் நானும் ஓட்டுவேன். சண்டை இதற்குத்தான், கலருக்கு இல்லை.

நான் பாயிடம் கேட்டேன். பக்கத்தில் யார் என்றார். மாமியார் என்றேன், மாதா மாதம் கண் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும், வண்டி லேசாகக் குலுங்கினாலே முருகா முருகா என்று என் கையைப் பிடித்துவிடுவார் என்றேன். அப்படியானால் ஆட்டோமேட்டிக்தான், யோசிக்காதே என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஷோரூமில் பெயர் பதிந்துவிட்டு, எந்த மாடல் என்பதைச் சனிக்கிழமை பாய் வந்து சொல்வார் என்று விட்டு வைத்திருந்தோம். அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

அடக்கத்துக்கு ஆம்பூர் போகும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே, எப்படியோ நமக்கு ஆட்டோமேட்டிக்தான் என்று சொல்லிவிட்டுப் போனாரே என்றேன். என் கணவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சொல்ற? கியர் வண்டிதான் எடுக்கணும்னு எங்கிட்ட கண்டிஷனா சொன்னாரே" என்றார். என்னை ஒரு நாள் கூப்பிட வந்தபோது, தொழிற்சாலை எதிரே டீக்கடையில் பேசியிருக்கிறார்கள். நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைத்தார். அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். கேட்டுத் தெளிவு செய்யலாம் என்றால், கேட்க வேண்டிய ஆளின் அடக்கத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். துக்கத்துக்குப் போகிற வழியில் புருஷன் பொண்டாட்டி கிளச்சுக்குச் சண்டை போட்டோம். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

பாய் வீட்டுத் தெருவில் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே. என் கணவர் வெளியே நின்றுவிட்டார். அங்கே நடந்ததை அவர்தான் பின்னால் சொன்னார். இவ்வளவு தெரிந்த மனுஷன் ஒரு கார் வாங்காமலே போய்விட்டாரே என்று யாரோ ஆரம்பித்திருக்கிறார்கள். கரண்ட் வண்டி வரட்டும் என்று காத்திருந்தார், என்னிடமே சொன்னார் என்று சேகர் சொல்லியிருக்கிறார். இல்லை, கார் வாங்கினால் சொந்தக்காரர்கள் இரவல் கேட்பார்கள் என்று பயந்தார் என்றார் இன்னொருவர். நாள் பூராவும் வண்டியோடு பேஜாராகிறவனுக்கு வீட்டிலும் வண்டியா என்று சொன்னதாக மூன்றாமவர். பாய் எதற்குமே ஒரே பதில் வைத்திருக்கிறவர் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்ததால், மற்றவர் சொன்னது தப்பு என்று எல்லோரும் சாதித்தார்கள். அஸர் தொழுகைக்குப் போகிற வரைக்கும் அது ஓயவில்லையாம். மைத்துனர் மட்டும் அந்தச் சண்டையில் சேராமல் நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தாராம்.

பாயின் உடலை, ஜனாஸாவை, ஆண்கள் தூக்கிப் போன பிறகு, நான் பாபி பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளைத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். கையில் ஓர் எலுமிச்சம்பழம். காலையில் பாய் போட்டிருந்த சட்டையில் இருந்து எடுத்ததாம். நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, அவராகவே சொல்ல ஆரம்பித்தார். கல்யாணம் ஆன நாளில் இருந்தே மூடிய வண்டி எதில் ஏறினாலும் பாபிக்கு வாந்தி. பஸ்ஸில்கூடப் பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டுதான் போவாராம். ஸ்கூட்டரில் காற்று முகத்தில் அடித்தால் ஒன்றும் செய்யாது. பாய் விடவில்லை. எந்தக் காரில் ஏறினால் இவளுக்கு ஒத்துக்கொள்ளும் என்று ஊரில் யார் வண்டி வாங்கினாலும் போய் உட்கார்ந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றி, கண்ணை மூடி, தனக்குக் குமட்டுகிறதா என்று பார்ப்பாராம். திரும்பி வந்து, இதுவும் வேணாம், அடுத்தது வரட்டும் என்பாராம்.

"எனக்கு கார் ஒத்துக்காதுன்னு வெளிய சொல்லாதீங்க, சிரிப்பாங்கன்னு நாந்தாம்மா சொன்னேன்" என்றார். "அதுக்குத்தான் ஆளுக்கு ஒண்ணா ஏதோ சொல்லிக்கினு இருந்தார்."

 ஆடு, குறுகல் தெரு, கரண்ட் வண்டி எல்லாம் மண்டைக்குள் ஓடியது. பாபி பழத்தை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"காலையில ஆம்புலன்ஸ்ல வேலூருக்குப் போனோமே, எல்லாம் மூடியிருந்திச்சு. எனக்கு ஒண்ணுமே ஆவல சுமதிம்மா. அவர் கையப் புடிச்சிக்கினே போனேன். 'ஏங்க, எனக்கு வாந்தி வரல பாருங்க'ன்னு சொன்னேன். கேட்டாரா இல்லையான்னு தெரியல."

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாய்விட்டு அழுதேன். பாபிதான் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில், டீக்கடையில் பாய் உங்களிடம் என்ன கேட்டார் என்று என் கணவரிடம் கேட்டேன். பக்கத்தில் யார் என்று கேட்டாராம். என் மனைவி என்றாராம். அப்போது போன் ஏதாவது வந்ததா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று முறை வந்தது, எடுத்தேன் என்றார். பிறகுதான் பாய், உங்கள் இடது கைக்கு எப்பவும் வேலை இருக்க வேண்டும் சார், கியர் வண்டியே எடுங்கள் என்றாராம். இவர் அதைத் தன் ஓட்டும் திறமைக்குக் கிடைத்த பாராட்டு என்று இத்தனை நாளாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டிக்கொண்டே அந்தக் கை போனை எடுக்கக் கூடாது என்றுதான் பாய் அப்படிச் சொன்னார் என்று விளக்கினேன். மாதனூர் வந்து, பள்ளிகொண்டா வந்ததும், அவர் கையில் இருந்த போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனாலும் குழப்பம் தீர்ந்தபாடில்லை. மாமியாருக்கு ஆட்டோமேட்டிக், எனக்கு கியர். இரண்டு பேரையும் முன் சீட்டில் உட்கார வைக்கிற வண்டி எந்த ஷோரூமிலும் இல்லை. சனிக்கிழமை போனோம். பாய் வரலையா என்று அந்தப் பையன் கேட்டான், சொன்னோம். தூங்குகிற பாய் என்று பெயர் வைத்தவன், தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டு வெகுநேரம் வரவில்லை. பிறகு என் கணவர் ஒரு வண்டியின் இடது கதவைத் திறந்து உட்கார்ந்தார். "நீ ஓட்டு. நான் இங்க உக்காந்துக்கறேன்" என்றார். ஆட்டோமேட்டிக் எடுத்தோம். மாமியாரும் அவர் கூப்பிடுகிற முருகனும் பின்னால். அது சரியா தப்பா, பாய் இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவருக்கு உண்மையிலேயே கார்களைப் பற்றித் தெரியுமா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம். கார்களில் உட்காருகிறவர்களைப் பற்றித் தெரியும். அது மட்டும் நிச்சயம்.

அவரிடம் வண்டி கேட்டுப் போன உங்கள் எல்லோரிடமும் அவர் சொன்ன ஏதோ ஒன்று இருக்கும். அது அடுத்தவருக்குச் சொன்னதோடு ஒத்துப்போகாது. சண்டை போடாதீர்கள், உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். என்னிடம் மிஞ்சியது அவருடைய அந்தக் கேள்விதான்.

வண்டி வந்த பிறகு பாபியைப் பார்க்கப் போனேன். ஒரு நாள் நம் வண்டியில் போகலாமா, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி விடுகிறேன் என்றேன். கணவர் போன பிறகு சில மாதம் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கிற இத்தா அவருக்கு இன்னும் முடியவில்லை. "முடியட்டும், பாக்கலாம்" என்றார்.

புது வண்டிக்குச் சக்கரத்தின் அடியில் நாங்கள் எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. இடது சீட்டுக்கு முன்னால் உள்ள பெட்டியில் ஒன்று வைத்திருக்கிறேன். காய்ந்துபோனால் மாற்றிவிடுகிறேன்.